அம்மாவின் வெள்ளை விதை

போன வாரம் கதையை அம்மாவின் ஸ்வெட்டரில் பின் குத்தியதோடு நிறுத்தியிருந்தேன். காயம் எதுவும் இல்லை. அது புகுமுகங்கள் அணியும் பின். எங்கள் மாணவர் சேவைச் சங்கத்தில் சேர விரும்புகிறவர்கள் சில வாரங்கள் அதை இதயத்துக்கு நேராகக் குத்திக்கொண்டு திரிந்து, பிறகு உறுதிமொழி எடுத்து உறுப்பினர் ஆவார்கள். வழக்கமாகப் பத்தொன்பது வயதில் குத்திக்கொள்வார்கள். அம்மா நாற்பத்தேழு வயதில் குத்திக்கொண்டாள்.

சங்கத்தில் சேர மாணவராக இருக்கவேண்டும். அதற்காகவே கல்லூரியில் ஒரே ஒரு பாடத்துக்குப் பெயர் கொடுத்தாள். செவ்வாய் மாலை, பாறைகளும் கனிமங்களும். "ரொம்ப நாளா கல்லு மேல ஒரு ஆசை" என்று அப்பாவிடம் சொல்லியிருந்தாள். அப்பா நம்பினார். கணவர்கள் நம்புவார்கள்.

சங்கம் என்றால் பெரிதாக எதையும் கற்பனை செய்ய வேண்டாம். ரத்ததான முகாம், நெடுஞ்சாலையில் குப்பை பொறுக்குவது, வசந்த காலத்தில் ஊருக்கே பான்கேக் போடுவது. ஆணோ பெண்ணோ, உறுப்பினர்கள் எல்லோரும் ஒருவரையொருவர் 'பிரதர்' என்றுதான் கூப்பிடவேண்டும். என் அக்கா கிர்ஸ்டன் எங்கள் எல்டர் ஃபால்ஸ் கிளையின் தலைவர். கூட்டத்தில் அவளை 'பிரதர் தலைவர்' என்று கூப்பிடுவேன். வீட்டில் வேறு மாதிரி கூப்பிடுவேன். அப்பா, கார்டி ஹாகன், 1986இல் இதே கிளைக்குத் தலைவராக இருந்தவர், இப்போது ஆலோசகர். நான் டின் காப்பாளன். அது என்ன வேலை என்று பிறகு சொல்கிறேன். ஆக, 2012 ஏப்ரலில் எங்கள் வீட்டில் சங்கத்தோடு எந்த ஒட்டும் உறவும் இல்லாத ஒரே ஜீவன் பூனை.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை அம்மா பன்றி எலும்பும் பீன்ஸும் போட்டு சூப்பை அடுப்பில் ஏற்றிக்கொண்டிருந்தாள். கூட்டம் இருக்கும் ஞாயிறுகளில் எப்போதும் அந்த சூப்தான். காலையில் ஏற்றினால் மாலை நாங்கள் திரும்பும்போது வீடு முழுக்க மணக்கும். நான் இப்போது வேறு ஊரில், மூன்றாவது மாடியில், டப்பாவில் வரும் சூப்பைச் சுட வைத்துக் குடிக்கிறேன். அதற்கு மணமே இல்லை.

"எத்தனை பேர்கிட்ட கேட்டு முடிச்சேம்மா?" என்றாள் அக்கா.

புகுமுகங்களுக்கு ஒரு சடங்கு உண்டு. உறுதிமொழி எடுப்பதற்குள் ஒவ்வொரு பிரதரிடமும் தனியாக உட்கார்ந்து ஒரு கேள்வி கேட்கவேண்டும். ஒன்றே ஒன்று. எதை வேண்டுமானாலும் கேட்கலாம், பிரதர் உண்மையைத்தான் சொல்லவேண்டும்.

"எல்லார்கிட்டயும் கேட்டாச்சு. அப்பா ஒருத்தர்தான் பாக்கி."

"அவர்கிட்டயும் கேட்டுடேன்."

"இவர்கிட்ட என்னடி கேக்கறது? இருபத்து நாலு வருஷமா கூட இருக்கேன். தூக்கத்துல என்ன உளறுவார்ங்கறதுகூடத் தெரியும்."

அப்பா பேப்பரிலிருந்து தலையைத் தூக்கினார். "என்ன உளறுவேன்?"

"மாவுல தண்ணி ஜாஸ்தின்னு."

சிரித்துக்கொண்டே அம்மா ஜன்னலோரம் இருந்த மருந்துக் குப்பியைத் துணியால் துடைத்து வைத்தாள். குப்பிக்குள் ஒரு வெள்ளை பீன்ஸ் விதை. எங்கள் வீட்டுக்குப் புதிதாக வருகிறவர்கள் முதலில் அதைப் பற்றித்தான் கேட்பார்கள். அம்மா சொல்ல ஆரம்பித்தால் காப்பி ஆறிவிடும்.

கதை இதுதான். 1986இல் பெண்கள் சங்கத்துக்காக வேலை செய்யலாம், சங்கத்தில் சேர முடியாது. மற்ற ஊர்க் கிளைகள் பெண்களைச் சேர்த்துக்கொள்ளத் தொடங்கி வெகுநாள் ஆகியிருந்தது. எங்கள் கிளை மட்டும் யோசித்துக்கொண்டிருந்தது; யோசித்து முடித்தபோது அம்மா படிப்பை முடித்திருந்தாள். அம்மா நான்கு வருடம் ரத்தம் கொடுத்தவர்களுக்கு ஜூஸ் ஊற்றினாள், குப்பை பொறுக்கினாள், தேவாலயத்தின் நிலவறைக் கூடத்தில் நடக்கும் கூட்டங்களுக்குக் காப்பி போட்டாள். கூட்டம் முடிந்ததும் பிரதர்கள் கைகோத்து வட்டமாக நின்று பாடுவார்கள். அம்மா பக்கத்துச் சமையலறையில் கோப்பை கழுவிக்கொண்டே கேட்பாள். சமையலறைக்கும் கூடத்துக்கும் நடுவில் ஒரு பரிமாறும் ஜன்னல். அதன் கதவு அப்போதே சரியாக மூடாது.

கடைசி வருடம் ஒரு பிரதர் எழுந்து, லோர்னாவை, அதாவது அம்மாவை, சேர்க்கவேண்டும் என்றார். தலைவராக இருந்த அப்பா, வழக்கத்தில் இல்லை, முடியாது என்று தீர்ப்புச் சொன்னார். தீர்ப்பை எதிர்த்து வாக்கெடுப்பு நடந்தது.

எங்கள் கிளையில் கை தூக்குகிற வழக்கம் கிடையாது. ஆளுக்கு ஒரு வெள்ளை, ஒரு கறுப்பு விதை கொடுத்து, ஒன்றை மட்டும் ஒரு காப்பி டின்னுக்குள் போடச் சொல்வோம். வெள்ளை பீன்ஸ் என்றால் உள்ளே விடு. கறுப்பு பீன்ஸ் என்றால் விடாதே. இரண்டும் சமமாக வந்தால் தலைவர் சொன்னதே நிற்கும். அன்று சமமாக வந்தது. கதவு மூடிக்கொண்டது.

அன்று அப்பா சமையலறைக்கு வந்து சொன்னாராம்: "தலைவனா நான் வழக்கத்தைத்தான் சொல்லணும், லோர்னா. ஆனா எல்லாரோடயும் சேர்ந்து நானும் ஒரு விதை போட்டேன். வெள்ளை."

இரண்டு வருடம் கழித்து, மோதிரம் வாங்க வக்கில்லாத ஒரு நாளில், அந்த விதையையே நீட்டிக் கேட்டார். "இதான் அது. டின்லேர்ந்து எடுத்து வெச்சிருந்தேன்." அம்மா சரி என்றாள். மோதிரம் பிற்பாடு வந்தது, மீன் பிடிக்கப் போனபோது ஏரியில் விழுந்தது. அம்மா அதற்காக ஒரு மணி நேரம்கூட வருந்தவில்லை. விதை பத்திரமாக இருந்ததே.

எனக்கும் அக்காவுக்கும் சின்ன வயதில் தூங்கும்போது சொன்ன கதை இதுதான். மற்ற வீட்டுப் பிள்ளைகளுக்கு டிராகன் வரும். எங்களுக்கு வாக்கெடுப்பு வரும்.

*

கூட்டம் நான்கு மணிக்கு. வாகன நிறுத்தத்தின் மூலையில் குவித்த பனி இன்னும் கரையாமல் அழுக்காகக் கிடந்தது. அப்பா தன் கல்லூரிக் காலத்து நீல ஜாக்கெட்டைப் போட்டிருந்தார். பொத்தான் போட முடியாது. போட்டுப் பார்ப்பதை அவர் நிறுத்தியதும் இல்லை.

தேவாலய நிலவறைக் கூடத்தில் அதே வாசம். பழைய பாட்டுப் புத்தகங்கள், ஈரச் சுவர், காப்பி. மடக்கு நாற்காலிகளை விரித்தோம். வழக்கப்படி புகுமுகங்கள் சமையலறைக்குள் போனார்கள். அம்மாவும், பத்தொன்பது வயதுப் பெண்கள் இருவரும். அம்மா ஜன்னல் கதவை இழுத்துச் சாத்தினாள். அது நான்கு விரல் இடைவெளியில் நின்றுகொண்டது.

அக்கா சுத்தியலைத் தட்டினாள். பழைய விஷயங்கள் முடிந்தன. புதிய விஷயம் யாருக்காவது உண்டா என்று கேட்டாள்.

டட்டில் எழுந்தான்.

மார்வின் டட்டிலைப் பற்றி நியாயமாகவே சொல்லவேண்டும். விதிப் புத்தகத்தைப் படுக்கைக்கும் கொண்டு போகிறவன். ஆனால் குப்பை பொறுக்கும் நாளில் முதலில் வந்து கடைசியில் போகிறவனும் அவன்தான். முந்தைய ஞாயிறுதான் எங்கள் வீட்டில் இரண்டு கிண்ணம் சூப் குடித்துவிட்டுப் போயிருந்தான்.

"பிரதர் தலைவர், எனக்கு இதைச் சொல்லவே கஷ்டமா இருக்கு" என்றான்.

"அப்ப உக்காரு" என்றது பின்வரிசையிலிருந்து ஒரு குரல்.

"உக்கார மாட்டேன். விதியில மாணவர்னு இருக்கு. வாரத்துல ஒரு சாயங்காலம் வந்து கல்லைப் பாத்துட்டுப் போறவங்க மாணவரா? இதை ஒத்துக்கிட்டா நாளைக்கு ஊர்ல யார் வேணா ஒரு பாடத்துக்குப் பேர் குடுத்துட்டு இங்க வந்து நிக்கலாம். அடுத்த வருஷம் மேயர் வருவார். அவர் பிரதர் ஆகி, நம்ம டின்ல விதை போடுவார். புகுமுகம் லோர்னா மேல எனக்கு மரியாதை உண்டு. சூப் மேலயும் உண்டு. ஆனா அவங்க தகுதியில்லைன்னு தலைவர் தீர்ப்பு சொல்லணும்."

அக்காவின் காது சிவந்தது. குரல் சிவக்கவில்லை.

"பேராசிரியர் பேர் கூப்பிட்டா அவங்க உள்ளேன்னு சொல்றாங்க. பரிட்சை எழுதறாங்க. போன வாரம் சி வாங்கியிருக்காங்க. மாணவரா இல்லாதவங்க எப்படி சி வாங்க முடியும்?"

"சி ப்ளஸ்!" என்றது பரிமாறும் ஜன்னல்.

கூடம் சிரித்து ஓய்ந்தது. "புகுமுகங்கள் பேசக்கூடாது" என்று அக்கா சுத்தியலைத் தட்டினாள். "என் தீர்ப்பு: அவங்க மாணவர். தகுதி உண்டு."

"தீர்ப்பை எதிர்க்கறேன்" என்றான் டட்டில். "அம்மா விஷயத்துல பொண்ணு தீர்ப்பு சொல்றது சரியில்லை."

"வாக்கெடுப்பு. இது எங்க அம்மா விஷயம்ங்கறதால நான் விதை போடலை. போதுமா?"

"போதும். நன்றி."

இங்கேதான் என் வேலை வருகிறது. டின் காப்பாளன் டின்னைச் சுமந்துகொண்டு ஒவ்வொருவரிடமும் போவான். தான் விதை போடக்கூடாது. முடிந்ததும் எல்லோர் முன்னிலையிலும் கொட்டி, சத்தமாக எண்ணுவான். முற்காலத்தில் இந்தப் பதவி கிடையாது, தலைவரே ஒரு மூலையில் திரும்பி நின்று தனியாக எண்ணிக்கொள்வாராம். 1986 வாக்கெடுப்பு முடிந்த மறு வாரம், இனி எல்லாம் எல்லோர் கண் முன்னாலும் நடக்கவேண்டும் என்று இப்பதவியை ஏற்படுத்தியவர் எங்கள் அப்பா. எவ்வளவு நேர்மையான மனிதர் என்று அம்மா இதையும் கதையோடு சேர்த்துச் சொல்வாள்.

டின்னை மேஜையில் கவிழ்த்தேன். எண்ணினேன். மறுபடி எண்ணினேன். எண்ணிக்கை மாறவில்லை.

"வெள்ளை பத்து. கறுப்பு பதினொண்ணு."

சமையலறையில் கோப்பைச் சத்தம் நின்றது.

அம்மாவுக்கு எதிராக வாக்களித்தவர்கள் யாரும் அம்மாவை வெறுக்கவில்லை. டட்டில் சொன்னதில் கொஞ்சம் நியாயம் இருந்ததாக நினைத்தார்கள், அவ்வளவுதான். அதுதான் கடினமாக இருந்தது. நான்கு வருடம் காப்பி போட்டு, இருபத்தாறு வருடம் காத்திருந்து, ஒரு விதையில் போகிறது.

அக்கா எழுந்து நின்றாள். "சமமா வந்தா தலைவர் தீர்ப்பு நிக்கும். இல்லையா?"

"ஆமா. ஆனா சமமா வரலையே" என்றான் டட்டில்.

"நான் இன்னும் போடலை."

"போட மாட்டேன்னு சொன்னீங்க!"

"மனசை மாத்திக்கிட்டேன். நானும் உறுப்பினர்தான். எனக்கும் ஒரு விதை உண்டு."

"எல்லாரோடயும் போட்டிருந்தா சரி. எண்ணி முடிச்சு, ஒண்ணு குறையுதுன்னு தெரிஞ்சப்புறம், தன் தீர்ப்பைத் தானே காப்பாத்தறதுக்கு ஒரு தலைவர் விதை போடலாமா?"

"கூடாதுன்னு எங்க எழுதியிருக்கு?"

"கூடும்னு எங்க எழுதியிருக்கு?"

எங்கும் எழுதியிருக்கவில்லை. டட்டில் புத்தகத்தை முன்னும் பின்னும் புரட்டி, கடைசியில் ஒரு வரியில் விரலை வைத்தான். எழுதப்படாத விஷயங்களில் கிளையின் பழைய நடைமுறையே விதி. ஒரு தலைவர் எப்போதாவது அப்படிச் செய்து, அது நின்றிருந்தால், அக்காவும் செய்யலாம். இல்லையென்றால் இல்லை.

"பழைய நடைமுறை யாருக்குத் தெரியும்?" என்று யாரோ கேட்டார்கள். எல்லோருடைய தலையும் கடைசி வரிசைக்குத் திரும்பியது.

அப்பா ஜாக்கெட்டின் நுனியை இழுத்துக்கொண்டிருந்தார்.

"ஆலோசகர் ஹாகன்" என்றான் டட்டில் மரியாதையாக. "நம்ம கிளையில, எண்ணி முடிச்சப்புறம், தன் தீர்ப்பு நிக்கறதுக்காக எந்தத் தலைவராவது விதை போட்டிருக்காரா?"

அப்பா தரையைப் பார்த்தார். அக்காவைப் பார்த்தார். அந்த நான்கு விரல் இடைவெளியைப் பார்த்தார். அவர் மறந்துவிட்டாரோ என்று நினைத்தேன். மறந்துவிட்டேன் என்று சொல்லியிருந்தாலே போதும், யாரும் ஒன்றும் கேட்டிருக்க மாட்டார்கள். அம்மா வெளியே நின்றிருப்பாள். குப்பி ஜன்னலோரம் நின்றிருக்கும்.

"உண்டு" என்றார்.

"யாரு சார்?"

"நான்தான்."

டட்டிலுக்கு அந்தக் கதை தெரியும். சூப் குடித்த அன்று அம்மா சொல்லியிருந்தாள். அவன் மனசுக்குள் கணக்குப் போடுவது முகத்தில் தெரிந்தது. "அது... பரவாயில்லை சார், விவரம் வேண்டாம்" என்றான்.

"வேணும். அப்பதான் நடைமுறைன்னு நிக்கும்." அப்பா எழுந்தார். "எண்பத்தாறு. எல்லாரும் போட்டாங்க, நான் போடலை. அந்த மூலைல திரும்பி நின்னு எண்ணினேன். வெள்ளை ஒண்ணு கூட இருந்துச்சு. என் தீர்ப்பு தோத்துப்போச்சு. கையில ரெண்டு விதையும் இருந்துச்சு. வெள்ளையைப் பாக்கெட்டுல போட்டுக்கிட்டேன். கறுப்பை டின்ல போட்டேன். திரும்பி வந்து சமம்னு சொன்னேன். அது நின்னுச்சு."

பாக்கெட்டில் போட்ட வெள்ளை விதை பிறகு எங்கே போனது என்று அந்தக் கூடத்தில் எனக்கும் அக்காவுக்கும் டட்டிலுக்கும் தெரியும். ஜன்னலுக்கு அப்பால் இன்னொருத்திக்கும் தெரியும்.

டட்டில் புத்தகத்தை மூடினான். "நடைமுறை இருக்கு. என் ஆட்சேபணையை விட்டுடறேன். பிரதர் தலைவர் போடலாம்."

அக்கா உள்ளங்கையில் இருந்ததை டின்னில் போட்டாள். காலி டின்னில் ஒற்றை விதை விழுகிற சத்தம் இவ்வளவு பெரிதாக இருக்கும் என்று நான் நினைத்ததில்லை.

"வெள்ளை பதினொண்ணு, கறுப்பு பதினொண்ணு" என்றேன். "சமம்."

"தீர்ப்பு நிக்குது. புகுமுகம் லோர்னா அடுத்த ஞாயிறு உறுதிமொழி எடுப்பாங்க." சுத்தியல் விழுந்தது.

யாரோ கை தட்ட ஆரம்பித்து, பாதியில் நிறுத்திக்கொண்டார்கள்.

எல்லோரும் பாடுவதற்கு எழுந்து கைகோத்து வட்டமானார்கள். அப்பா வட்டத்துக்கு வரவில்லை. சமையலறைக் கதவைத் திறந்தார். நான் பரிமாறும் ஜன்னலுக்குப் பக்கத்தில் டின்னைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அது ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது.

சின்னப் பெண்கள் இருவரும் சுவரோடு ஒட்டி நின்றார்கள். அம்மா கோப்பையைத் தண்ணீரில் அலசிக்கொண்டிருந்தாள். திரும்பவில்லை.

"லோர்னா."

"பாட்டு ஆரம்பிக்கப் போறாங்க. போ."

"நான் என்ன சொல்ல வரேன்னா..."

"உனக்கு அங்க இடம் இருக்கு, கார்டி. போய் நில்லு. நான் இங்கேர்ந்து கேட்டுப் பழகினவதான். இன்னும் ஒரு வாரம் கேப்பேன்."

அப்பா வந்து வட்டத்தில் நின்றார். எல்லோரும் பாடினார்களா, இல்லை உதட்டை மட்டும் அசைத்தார்களா என்று தெரியாது. எனக்குக் கேட்டதெல்லாம் ஜன்னலுக்கு அந்தப் பக்கம் யாரோ மெல்ல முணுமுணுத்தது. ஒரு வரிகூடத் தப்பவில்லை.

*

வீட்டுக்கு வரும் வழியில் அக்கா ரேடியோவைப் போட்டாள். அம்மா அணைத்தாள். அவ்வளவுதான் பேச்சு.

கதவைத் திறந்ததும் சூப் மணத்தது. அம்மா கோட்டைக்கூடக் கழற்றாமல் நேராக அடுப்புக்குப் போனாள். நாங்கள் ஆளுக்கொரு வேலையைத் தேடிக்கொண்டோம். அப்பா பூனைக்கு இரண்டு முறை சாப்பாடு வைத்தார். பூனைக்கு அன்று நல்ல நாள்.

உணவு மேஜையில் உட்கார்ந்தபோதுதான் கவனித்தேன். ஜன்னலோரம் வெறுமையாக இருந்தது. மருந்துக் குப்பி கழுவி, பாத்திரம் வடிக்கும் தட்டில் தலைகீழாக நின்றது. அக்காவும் பார்த்துவிட்டாள். மேஜைக்கு அடியில் என் காலை மிதித்தாள்.

அம்மா கிண்ணங்களில் சூப்பை ஊற்றினாள். அப்பாவுக்குக் கடைசியாக, பானையின் அடிவரை கரண்டியை விட்டு எடுத்து ஊற்றினாள். ஸ்வெட்டரில் பின் நேராக இருந்தது.

சாப்பிட்டோம்.

பிறகு அப்பாவின் வாய்க்குள் டக் என்று ஒரு சத்தம். கல்லைக் கடித்தது போல. அவர் மெல்லுவதை நிறுத்தினார்.

"வேகலையா?" என்றாள் அம்மா.

"ஒண்ணே ஒண்ணு."

"ரொம்பப் பழசுன்னா எவ்வளவு வெச்சாலும் வேகாது." அம்மா ரொட்டியைப் பிட்டு வெண்ணெய் தடவினாள். "பிரதர் ஹாகன்."

அப்படி அவள் அப்பாவைக் கூப்பிட்டதே இல்லை. அப்பா நிமிர்ந்தார்.

"என் கேள்வி ஒண்ணு உங்ககிட்ட பாக்கி இருக்கு."

"இப்பவே கேளு, லோர்னா. நான் சொல்லிடறேன்."

"ஒண்ணுதானே அனுமதி? அவசரப்பட்டு வீணாக்க மாட்டேன். அடுத்த ஞாயிறு வரைக்கும் இருக்கே. திங்கக்கிழமை கேப்பேன், இல்லை வியாழக்கிழமை கேப்பேன். சாப்பிடுங்க, ஆறுது."

அப்பா விதையை விழுங்கவும் இல்லை, துப்பவும் இல்லை. ஒரு பக்கக் கன்னத்தில் ஒதுக்கி வைத்துக்கொண்டு, அடுத்த கரண்டி சூப்பை எடுத்தார்.